மணிக்கட்டில் ஒரு கணக்கப்பிள்ளை



மணமகனுக்கு மாமனார் வீட்டார் கைக்கடிகாரம் அளிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் நெடுநாளாக உண்டு. 1961ஆம் ஆண்டில் பெங்களூரில் உருவாகத் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத்திற்கு அந்நாளில் இருந்த மதிப்பே தனி. அது மணி ஒன்றைத்தான் காட்டிற்று. அதையும் நாள்தோறும் சாவி கொடுத்தால்தான் காட்டிற்று. இன்றோ வெளியூரில் பணிபுரியும் மகன் பொங்கலுக்கு வரும்போது தகப்பனார் கையில் கட்டிவிடும் கருவிக்கு மணி காட்டுவது ஒரு சில்லறை வேலை. நடந்த அடிகளை எண்ணுவதும், நாடித் துடிப்பைப் பார்ப்பதும், உறங்கிய நேரத்தைக் கணக்கிடுவதுமே அதன் பெருந்தொழில். ஸ்மார்ட் வாட்ச் என்றும் பிட்னஸ் பேண்ட் என்றும் இதனை அழைக்கின்றனர். வாழப்பாடிக் கடைவீதியில் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல்லாயிரம் கொடுத்து வாங்குவோரும் உண்டு. வாங்கலாமா, வாங்கினால் அது சொல்வதை நம்பலாமா என்று பலர் நம்மிடம் வினவியுள்ளனர்.

கருவியின் உள்ளே இருப்பது மாயமன்று. கையின் அசைவை உணரும் நுண்ணிய பொறி ஒன்று உண்டு. நடக்கும்போது கை வீசுகிறோமல்லவா, அந்த வீச்சின் ஒழுங்கைக் கொண்டு அது அடிகளைக் கணக்கிடுகிறது. அடிப்பாகத்தில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. இதயம் துடிக்கும்தோறும் மணிக்கட்டின் நாளங்களில் இரத்தம் மிகுகிறது. மிகும்போது பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கமே நாடித் துடிப்பாக எண்ணப்படுகிறது. பட்டை தளர்ந்திருந்தாலும், கை ஓயாமல் குலுங்கினாலும் கணக்கு பிசகும்.

பத்தாயிரம் அடி நடந்தால்தான் நலம் என்று இக்கருவிகள் பலவும் இலக்கு வைக்கின்றன. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்த மறு ஆண்டு, யமாசா என்னும் ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் செருகும் அடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் மான்போ-கெய். பத்தாயிரம் அடி அளவி என்பது பொருள். விற்பனைக்காகச் சூட்டிய பெயர் நாளடைவில் மருத்துவ விதிபோல் உலகெங்கும் பரவிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், சராசரி வயது 72 உடைய 16,741 அமெரிக்கப் பெண்மணிகளின் நடையை அளந்து வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவரைவிட 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குப் பின் மேலும் நன்மை கூடவில்லை. முழங்கால் வலியோடு பத்தாயிரத்தை எட்ட முடியவில்லையே என்று ஏங்கும் பாட்டிமார் இதனை மனத்தில் கொள்ளலாம்.

நம் தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையும் ஜப்பானைப் பார்த்து அமைந்ததே. எட்டுக் கிலோமீட்டர் என்பதும் ஏறக்குறைய அதே பத்தாயிரம் அடிதான்! நடப்பது நல்லது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்று மதிப்பிட்டது. உட்கார்ந்தே தொழில் செய்வோரை எழுப்பி நடக்க வைக்கும் எதுவும் வரவேற்கத்தக்கதே.

ஆனால் இக்கருவியை ஆக்கியோர் நகரத்து மேசை மனிதரை மனத்தில் வைத்தே ஆக்கினர் போலும். நம் ஊர் உழைப்பு அதன் கணக்கில் அடங்குவதில்லை. பாக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குபவர் சிந்தும் வியர்வையை அது அடியாக எண்ணுமா? தலையில் புல்லுக்கட்டைச் சுமந்து, இரு கைகளாலும் அதைப் பிடித்தபடி வரப்பில் நடந்து வரும் பெண்ணின் கை வீசுவதில்லை. ஆகவே அவர் நடந்ததில் பெரும்பகுதி விட்டுப்போகக்கூடும். மாறாக, திண்ணையில் அமர்ந்து பாக்கு உரிப்பவரும், சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கின் தோல் சீவுபவரும் கையை விரைந்து அசைப்பதால், இருந்த இடத்திலேயே சில நூறு அடி நடந்தவராகிவிடக்கூடும். நாளெல்லாம் காட்டில் களை வெட்டிய ஒரு தாயார், மகன் கட்டிவிட்ட வாட்ச் 'இன்னும் போதாது' என்று காட்டியதற்காக மாலையில் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தார் என்று கேள்வியுற்றோம். அவருக்குத் தேவைப்பட்டது நடையன்று. ஒரு கட்டிலும் ஒரு குவளை மோரும்.

ஒரு மணி நேரம் அசையாதிருந்தால் 'எழுந்திரு' என்று மணிக்கட்டில் அதிர்வதும் இதன் பழக்கம். மறையுரையின் நடுவே முன்வரிசையில் இருந்த ஒருவரின் கை அவ்வாறு அதிரக் கண்டோம். அன்று நாம் சற்று நீளமாகவே பேசிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கில்லை.

துல்லியத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தனர். நாடித் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது, இது பாராட்டத்தக்கது. எரிந்த கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு. 'இருநூறு கலோரி எரித்துவிட்டேன்' என்று கூறி இன்னொரு தட்டு பஜ்ஜி கேட்பவர் இதை அறிந்திருப்பது நலம்.

உடல் எடை குறையுமா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளைஞரைக் கொண்டு இரண்டாண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கருவி அணிந்தவர் சராசரியாக மூன்றரைக் கிலோவும், அணியாமல் அதே உணவுப் பயிற்சி பெற்றவர் 5.9 கிலோவும் குறைந்தனர். இதை மட்டும் கூறி நிறுத்தினால் நேர்மையன்று. ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டோரைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2022இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை, கருவி அணிந்தோர் நாளொன்றுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கின்றனர் என்றும், எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைகிறது என்றும் கூறுகிறது. ஆக, கணக்கப்பிள்ளை நம்மை நடக்கத் தூண்டுகிறான்; நமக்காக அவன் பத்தியம் இருப்பதில்லை.

விலை உயர்ந்த சில வாட்ச்சுகள் ஒழுங்கற்ற நாடித் துடிப்பைக் கண்டு எச்சரிக்கின்றன. கீழே விழுந்துவிட்டால் பிள்ளைகளின் தொலைபேசிக்குச் செய்தியும் அனுப்புகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலும், தாம் தனித்தும் வாழும் முதியோர் நம் பங்குகளில் பெருகி வரும் இந்நாளில் இது சிறிய உதவியன்று. தொடர்பு கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும், இரவில் சார்ஜ் ஏற்ற மறக்கக் கூடாது, அவ்வளவே.

இனி, இதனை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். மலிவு விலை வாட்ச்சுகள் சில, ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையைக் காட்டுவதாகக் கூறி விற்கப்படுகின்றன. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், நீரிழிவு உள்ளவர், அத்தகைய ஒன்றை அணிந்திருந்தார். திரையில் காலையும் மாலையும் நல்ல எண்ணே வந்தது. ஐந்து மாதம் இரத்தப் பரிசோதனைக்குச் செல்லவில்லை. மாத்திரையையும் தாமே பாதியாக்கிக்கொண்டார். காலில் முள் குத்திய புண் ஆறாதபோது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். இரு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. "சாமி, வாட்ச்சுல நூத்திப்பத்துன்னுதானுங்க காட்டுச்சு?" என்று அவர் துணைவியார் கேட்டபோது நம்மிடம் விடை இல்லை.

அறிவியலிடம் விடை இருக்கிறது. தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவி வேறு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் சென்று அளக்கிறது. வெறும் ஒளியைக் கொண்டு எண் காட்டுபவை அளக்கவில்லை, ஊகிக்கின்றன. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி இரத்தம் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலிலேயே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வழி செய்தது. அந்த வாட்ச்சின் விலைக்கு விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றையும் வாங்கிவிடலாம்.

நம் உடலின் கணக்கு எங்கோ உள்ள நிறுவனத்தின் ஏட்டிலும் பதிவாகிறது என்பதையும் மறத்தலாகாது. ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் வெளியிட்ட ஓட்டப் பாதைகளின் படத்திலிருந்து, படைவீரர் முகாம்களின் அமைப்பே வெளிப்பட்டுவிட்டதை 2018இல் உலகம் கண்டது.

வாங்க எண்ணுவோர் வாங்கலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தளராமல் அணிக. முதல் வாரம் எந்த இலக்கும் வையாமல், நாம் வழக்கமாக எவ்வளவு நடக்கிறோம் என்று மட்டும் பார்த்து, பின்னர் ஆயிரம் அடி கூட்டுக. சர்க்கரை எண் காட்டும் பகுதி இருந்தால் அதை நீக்கித் தரும்படி கடைக்காரரிடமே கேளுங்கள். நீக்க இயலாது என்றால் வேறு வாட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.