‘கலந்து வைக்கவும்’: ஒரு துணைவினை செய்யும் சேதம்

நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களும் வேளாண் கல்லூரி நண்பர்களும் சேர்ந்து வாசிக்க வேண்டியது என்பதால் பொதுவில் இடுகிறேன்.

அண்மையில் வேளாண் விரிவாக்கம் பற்றிய ஒரு கருத்தரங்கில் உரையாளர் ஒருவர், நீரில் கரைத்த உரத்தை உழவர்கள் நாள்கணக்கில் கேன்களில் நிரப்பி வைத்து வீணாக்குகிறார்கள் என்றார். காரணம் அவர்களது ‘அறியாமை’ என்றும் முடித்தார். அவையில் பலர் தலையசைத்தனர். சான்றுக்கென அவர் திரையில் காட்டிய பொட்டலத்தின் தமிழ்ப் பக்கத்தில், ‘1 லிட்டர் நீரில் 5 கிராம் கலந்து வைக்கவும்’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது. ஆங்கிலப் பக்கத்திலோ கலந்த உடனே தெளிக்கச் சொல்லியிருந்தது. உழவர் தமிழ்ப் பக்கத்தைப் படித்து, அது சொன்னபடியே செய்திருக்கிறார். அந்த அறையில் அதை உருப்படியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

தமிழில் ‘வை’ என்னும் துணைவினை ஒரு செயல் முடிந்ததை மட்டும் சொல்வதில்லை. அதன் பயன் பின்னொரு நேரத்துக்கு என்பதையும் சேர்த்தே சொல்லும். ‘மாவு அரைத்து வை’ என்றால் நாளைக் காலை இட்லிக்கு. ‘அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை’ என்றால் பின்னர் உதவும் என்பதற்கு. ஹெரால்டு ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் இத்துணைவினைக்குத் தரும் பெயரே ‘பிற்பயன்’ என்ற பொருளுடையது. முதலாண்டு முதுகலை மாணவருக்கும் தெரிந்த செய்தி இது. ஆக, ‘கலந்து வைக்கவும்’ என்ற தொடருக்குத் தமிழறிந்த எவரும் கொள்ளும் பொருள், ‘கலந்து, பிறகு பயன்படுத்துவதற்காகப் பத்திரப்படுத்துக’ என்பதே. எழுதியவர் நினைத்தது வேறாக இருக்கலாம். லேபிளை வாங்கியவருக்கு எழுதியவரின் நினைப்பு கிடைப்பதில்லை, தொடர்தான் கிடைக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் இல்லை. இந்தியில் ‘பனா ரக்னா’ என்றால் செய்து வைத்திருத்தல். தெலுங்கில் ‘கலிபி உஞ்சு’, கன்னடத்தில் ‘பெரெசிடு’. எல்லாம் கலந்து பின்னைக்கென வைப்பதையே சொல்கின்றன. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாகக் கருதலாம் என்று எழுதியதும், மசிக்கா 1976இல் கூட்டுவினைகளை அப்பரப்பை அளக்கும் கோல்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டதும் நம் பாடத்திட்டத்தில் உள்ளவை. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு இதை எழுதும் நாம், அதே கூட்டுவினை உர மூட்டையின் முதுகில் தவறாக அச்சாகி நாடு முழுக்கச் சுற்றுவதைக் கண்டும் காணாமல் போகிறோம். ஆய்வுப் பொருளாவதற்கு அது போதிய கௌரவம் உடையதாக நமக்குத் தோன்றவில்லை போலும்.

இனி, வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். வேதியியல் என் துறையன்று. ஆனால் இதற்குப் பள்ளி வேதியியலே போதும். கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்ஃபேட்டையும் ஒரே கேனில் அடர்த்தியாகக் கரைத்தால் கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படியும். பாஸ்பேட் உள்ள 12:61:0 போன்ற உரத்தோடு கால்சியம் சேர்ந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். மேலே தெளிந்து நிற்பது சத்துக் குறைந்த நீர். அடியில் கிடப்பது சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைக்கும் சுண்ணாம்புச் சேறு. 19:19:19 போன்ற கலப்புரங்கள் பலவற்றில் தழைச்சத்தின் ஒரு பகுதி யூரியாவாக இருக்கும். கிணற்று நீரிலுள்ள நுண்ணுயிர்களின் யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாகச் சிதைக்கும். கார அமிலநிலை உயரும். மூடியைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். இரும்பைப் பிடித்துவைக்கும் இ.டி.டி.ஏ. கொடுக்கிணைப்பு வெயிலில் சிதையும், காரம் ஏறிய நீரில் பிடியை விடும். ஒளிபுகும் வெள்ளைக் கேன் என்றால் பாசிக்கு அது விருந்து. ஒரு வாரம் கழித்துத் தெளிப்பவர் உரம் தெளித்ததாக நம்புகிறார். இலை மஞ்சளாகவே நிற்கிறது. அடுத்த பொட்டலத்துக்குப் பணம் கட்டுகிறார். எஞ்சியதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிச் சமையலறை அலமாரியில் வைக்கும் வீடுகளும் உண்டு. அங்கே இழப்பு பணத்தோடு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உயிருள்ள கரைசல்களின் கதை இன்னும் சிக்கலானது. சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் நீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். நிழலில் வைத்து, நாளும் கலக்கி, இரண்டு நாள் கழித்து எடுத்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் நிலத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பதே வழக்கமான முறை. இதைக் குப்பியில் அடைத்து, இறுக மூடி, ‘பல மாதம் கெடாது’ என்று விற்கும் கடைகளைப் பார்க்கிறேன். வெல்லம் தின்ற நுண்ணுயிர் மூடிய குப்பிக்குள் வாயுவை வெளிவிடும், குப்பி உப்பும். காற்று தேவைப்படும் உயிர்கள் அதற்குள் செத்துப்போயிருக்கும். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நீர்ம உயிர் உரத்துக்கு ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள செல்கள் வேண்டும் என்கிறது. அந்த எண்ணிக்கையை மாதக்கணக்கில் காப்பதற்கென்றே தனிப் பாதுகாப்புப் பொருள்கள் சேர்த்து ஆய்வகங்கள் தயாரிக்கின்றன. வெல்லத் தண்ணீரை மூடி வைப்பது அதற்கு ஈடாகாது.

காசியாபாத்தின் தேசிய இயற்கை வேளாண்மை மையம் தந்த ‘வேஸ்ட் டீகம்போசர்’ 20 ரூபாய்க் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆண்டுக்கணக்கில் ‘வைத்திருக்கும்’ உழவர்கள் உண்டு. அவர்கள் சேமிப்பதில்லை, வளர்க்கிறார்கள்: பழைய கரைசலில் ஒரு பங்கை எடுத்துப் புது நீரும் வெல்லமும் சேர்த்து மறுபடி பெருக்குகிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல. இந்த இரண்டு ‘வைத்தலுக்கும்’ இடையிலுள்ள வேறுபாட்டை எந்த லேபிளாவது சொல்கிறதா?

சொல்லாததற்கு ஒரு காரணம், எல்லாவற்றுக்கும் நாம் ‘கரைசல்’ என்ற ஒரே சொல்லைத் தந்திருப்பது. சொட்டுநீருக்கென ஏ, பி என இரு தொட்டிகளில் தனித்தனியே வைக்கும் அடர்த்தியான கரைசலை மூடி, இருட்டில், வாரக்கணக்கில் வைக்கலாம். கால்சியம் ஒரு தொட்டியிலும் சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் மறு தொட்டியிலும் இருப்பதால் படியாது. தெளிப்பானில் ஊற்றும் நீர்த்த கரைசலை அன்றே தீர்க்க வேண்டும். ஜீவாமிர்தம் மூன்றாவது இனம். மூன்றுக்கும் பெயர் ‘கரைசல்’. இதற்குப் புதிய கலைச்சொல் அகராதி தேவையில்லை. ‘கெட்டிக் கரைசல்’, ‘தெளிப்பு நீர்’ என்று எழுதினால் எந்த உழவருக்கும் விளங்கும்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. பொட்டலமிட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகள், கட்டாய அறிவிப்புகள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை, அவ்வளவே. எனவே தமிழும் தெலுங்கும் கன்னடமும் லேபிளில் விளம்பர இடத்தை நிரப்ப வந்த விருந்தாளிகள். அவற்றின் பிழைக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. இந்தித் தொடரும் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததுதான். சட்டத் தகுதி அதைக் காப்பாற்றிவிடவில்லை.

‘ஒரு துணைவினைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்பார்கள். மருந்துச் சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்பதை ‘பின்’ என்று அச்சிட்டுவிட்டு, நோயாளி படிப்பறிவில்லாதவர் என்று எந்த மருத்துவரும் சொல்லித் தப்ப முடியாது. உழவரிடம் மட்டும் ஏன் முடிகிறது? படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மை, லேபிள் மொழி எதையும் மாற்றாது என்ற வாதத்தையும் அதே அரங்கில் கேட்டேன். படிக்கத் தெரியாதவர்கள் கடைக்காரரிடமும் பக்கத்து வயல்காரரிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டப்படுவதும் இதே தொடர்தான்.

வேளாண் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பைத் தட்டச்சுப் பணியாக எண்ணும் பழக்கம் முதலில் ஒழிய வேண்டும். லேபிள் தொடரை அச்சுக்கு அனுப்பும் முன் அம்மொழி பேசும் ஐந்து உழவர்களிடம் படித்துக் காட்டி, ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. மொழியியல் துறைகளும் கள ஆய்வு என்றால் மலைக்கிராம மொழிகளின் சொற்பட்டியல் மட்டும் என்று இருக்க வேண்டாம். ஊர் உரக்கடையும் களம்தான்.

நான்கு மொழிகளில் உர லேபிள்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் ‘வை’, ‘ரக்னா’, ‘உஞ்சு’, ‘இடு’ வரும் தொடர் ஏதேனும் கண்டால் இருபக்கமும் தெரியும்படி படமெடுத்துப் பின்னூட்டத்தில் இடுங்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிடுங்கள். எனக்கு வேண்டியது வினைமுற்று மட்டும்.