சேற்றுப் புழுவும் சீமைப் பெயரும்

சென்னைக் கழிமுகமொன்றின் சேற்றில் வாழும் ஒரு கடற்புழுவுக்கு ‘மார்பிஸா மதராஸி’ என்ற பெயர் 2020-ம் வருஷத்தில்தான் சூட்டப்பெற்றது. ஆஸ்திரேலிய மியூஸியத்தைச் சேர்ந்த பாட் ஹட்சிங்ஸ் அம்மையாரும், அவரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு, இந்திய ஆராய்ச்சியாளர்களும் அதை விவரித்தனர். நமது நகரத்தின் பழம் பெயரை அது தாங்கியிருக்கிறதென்று மகிழ்வது இயல்பே. ஆனால் பெயர் கிடைக்க இவ்வளவு காலம் ஏன் சென்றதென்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

புழுவுக்குப் பெயரிடுவது வேலையற்றோர் வேலை என்று எண்ணுவோர் நம்மில் பலர். மயிர்க்கற்றைகள் வரிசை வரிசையாக அமைந்த இக்கடற்புழுக்கள் 10,000 இனங்களுக்கு மேற்பட்டவை. இறால் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் தாய் இறாலுக்கு இவையே தீனி. லின்னேயஸ் 1758-ல் இவற்றை நத்தையோடும் நட்சத்திர மீனோடும் சேர்த்துப் ‘புழுக்கள்’ என்ற ஒரே கூடையில் போட்டுவிட்டார். (உடலெல்லாம் மயிர் மண்டிய புழுவொன்றுக்குக் கிரேக்கரின் காதல் தேவதையின் பெயரை இட்ட ரஸிகரும் அவரே.) 1850-ல் குரூபே என்னும் ஜெர்மானியப் பண்டிதர் ‘பாலிக்கீட்டா’, அதாவது பல மயிருடையவை, என்ற தனி வகுப்பை ஏற்படுத்தினார். பின்னர் கத்ரபாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் திரிபவை, ஓரிடத்தில் தங்குபவை என இரண்டாகப் பிரித்தார். 1977-ல் பௌசால்ட் அப்பிரிவினையைக் கைவிட்டார். 2011-ல் ஜீன் ஆராய்ச்சி அதற்கு மாறிய உருவில் மறுபடியும் உயிர் கொடுத்தது. தோட்டத்து மண்புழுவும் அட்டையுங்கூட இந்தக் குலத்தினுள்ளேயே அடங்குமென்பது இப்போதைய முடிவு.

புதிய ஆதாரம் கிடைத்தால் பண்டிதர்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வது குற்றமன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. தெற்கு இங்கிலாந்தில் டெவன் கரைப் புழுவொன்றை மான்டேகு 1813-ல் விவரித்தார். இன்று அதன் பெயர் ‘மார்பிஸா ஸாங்வினியா’. குளிர்ந்த கடலில் பிறந்த அப்பெயர், ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா என்று எங்கெங்கோ அகப்பட்ட புழுக்களின் தலையிலெல்லாம் ஏற்றப்பட்டது. ஐரோப்பியப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒத்திருக்கும் படத்தின் பெயரையே எழுதிவிடும் வழக்கத்தின் பலன் இது.

இதனால் நஷ்டம் இல்லையென்று யாரும் சொல்லவேண்டாம். கிரீன்லாந்துப் புழுவைக் கண்டு பாப்ரீஷியஸ் 1780-ல் விவரித்தது ‘காபிடெல்லா காபிடாடா’. சாக்கடை கலந்த நீரில் மலியும் புழுக்களெல்லாம் அதுவே என்று கருதி, அதைக் கொண்டு கடலின் அசுத்தத்தை அளந்து வந்தார்கள். 1976-ல் கிராஸில் தம்பதிகள் அமெரிக்காவில் சோதித்ததில், அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது 6 இனங்கள் மறைந்திருந்தன. அவை இனப்பெருக்கம் செய்யும் விதமே வெவ்வேறு. இன்னதென்று தெரியாத புழுவை எண்ணி, ஆலைக் கழிவால் கழிமுகம் கெட்டதா இல்லையா என்று தீர்ப்புக் கூறுவது எங்ஙனம்? கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்நியப் புழுவுக்கும், என்றும் இங்கேயே வாழ்ந்த புழுவுக்கும் ஒரே பெயராயின், எது வந்தது எது இருந்தது என்று எவர் கண்டுபிடிப்பார்?

லத்தீன் பெயர்களைத் துரத்த வேண்டுமென்பது நமது கட்சியன்று. உலகத்தார் எல்லோருக்கும் பொதுவான அந்த முறை இருக்கட்டும். நாம் கோருவது, பெயர் இடுமுன் நம் கரையிலுள்ள புழுவையே பார்க்கவேண்டுமென்பதுதான். சென்னை மியூஸியத்தின் கிரேவ்லி, பாம்பனையடுத்த குருசடைத் தீவின் புழுக்களைப் பற்றி 1927-ல் எழுதினார். பாவெல் என்ற பிரெஞ்சு நிபுணரின் இந்தியப் புழு நூல் 1953-ல் வெளிவந்தது. இரண்டும் அரிய உழைப்பே. ஆயினும் ஜீன் சோதனைக்கு முற்பட்டவை. அவற்றிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அந்தந்தக் கரையிலேயே மீண்டும் புழுக்களைச் சேகரித்துச் சோதிக்கவேண்டும். மாதிரிகளை இங்குள்ள மியூஸியங்களில் வைத்துக் காக்கவேண்டும். இதற்கு முதலில் வேண்டியது, பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு மயிரின் நுனியைப் பார்த்து இனம் சொல்லப் பழகிய ஆட்கள். நமது சர்வகலாசாலைகள் அத்தகையோருக்கு நிரந்தரமான உத்தியோகம் அளிக்க முன்வரட்டும்.