பள்ளிக்கூடமும் வேலைதான்!



அண்மையில் உறுப்பினர்களைக் காண ஒரு செம்பனைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். பள்ளி நாள், மாலை மணி 6.00. திடலில் பந்து உதைக்க ஒரு பிள்ளை இல்லை. சற்று நேரத்தில் ஒரு தாயார் காட்டிலிருந்து வந்தார். பின்னால் பத்து வயது மகன், தோளில் வெறும் சாக்கு, கையெல்லாம் முள் கீறல். தாயோடு உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வருகிறான்.

“ஏம்மா, பையனையுமா கூட்டிட்டுப் போனீங்க?” என்றோம்.

“என்னண்ணே செய்றது? ஸ்கூல் விட்டு வந்தா சும்மாதானே இருக்கான். பந்து பந்துன்னு ஓடுறான். வேலை தெரியாம வளர்ந்தா நாளைக்கு யாரு சோறு போடுவா?”

அந்தத் தாயாரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம் அம்மாவும் இதையேதான் சொன்னார். 1980-களின் கடைசியில், தோட்டப் பள்ளி விட்டதும் புத்தகப் பையை லயத்தில் போட்டுவிட்டு, நிரைக்கு ஓடி ஒட்டுப்பால் உரித்தவர்கள்தாம் நாம். எனினும், அந்தத் தாயார் சொன்ன ‘சும்மா’ என்ற சொல்லைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 1966 முதல் இருந்து வருகிறது. பள்ளி செல்லும் பிள்ளைக்கு, பள்ளியில் இருக்கும் நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 7 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அச்சட்டம். இரவு 8.00 மணி முதல் காலை 7.00 மணி வரை சிறுவர் வேலை செய்யவே கூடாது. 2019-ல் நடப்புக்கு வந்த திருத்தம், இலகுவான வேலைக்குக்கூட 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. குடும்பம் சொந்தமாக நடத்தும் தொழிலில் பிள்ளை தன் சக்திக்கேற்ற சிறு வேலை செய்யலாம். ஆனால், கம்பெனியின் செம்பனைக் காடு நம் குடும்பத் தொழிலா? இல்லையே!

கவனித்தீர்களா? சட்டம் பள்ளி நேரத்தையும் வேலையோடு சேர்த்தே எண்ணுகிறது! காலை 7.30-க்குப் போய் மதியம் 1.00 மணிக்குத் திரும்பும் பிள்ளை, ஐந்தரை மணி நேரம் உழைத்துவிட்டுத்தான் வருகிறது. அதன்பின் 2.00 மணிமுதல் 6.00 மணிவரை காட்டில் குனிந்து நிமிர்ந்தால் மொத்தம் ஒன்பதரை மணி. தகப்பனுக்கே சாதாரண வேலை நாள் 8 மணி நேரம்தான். தீபகற்ப மலேசியாவில் வாரத்திற்கு 48 மணியாக இருந்த பெரியவர்களின் வேலை நேரத்தை 2023 ஜனவரி முதல் 45 ஆகக் குறைத்தாகிவிட்டது. பெரியவருக்குக் குறைந்த வேலை பிள்ளைக்குக் கூடலாமா? இதில் வீட்டுப்பாடத்தை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை!

இது பிள்ளையின் சங்கதி மட்டுமன்று. நம் சம்பளத்தின் சங்கதியும் ஆகும். பேர் பதிவது ஒருவருக்கு; பழம் பொறுக்குவதோ மூன்று பேரின் கை. நிர்வாகத்தின் கணக்கில் அந்த ஒருவரே இவ்வளவும் செய்ததாகத் தெரியும். நாளை நாம் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து, “இந்த அளவு ஒருவரால் முடியாது, கூலியை ஏற்றுங்கள்” என்றால், “முடிகிறதே!” என்று கணக்கைக் காட்டுவார்கள். சம்பளமில்லாத பிள்ளையின் கை, தகப்பனின் கூலியைக் கீழே பிடித்து இழுக்கிறது. உலகில் இன்னும் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் உழைப்பில் சிக்கியிருக்கிறார்கள் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யூனிசெஃபும் 2025-ல் அறிவித்தன. அவர்களில் 100-க்கு 61 பேர் விவசாயத்தில். ஆக, இது நம் தோட்டத்து வழக்கம் மட்டுமன்று.

அப்படியானால் பிள்ளைக்கு வேலையே பழக்க வேண்டாமா? கட்டாயம் பழக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவட்டும். பள்ளிச் சப்பாத்தைத் தானே துடைக்கட்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கத்தரிக்கும் வெண்டைக்கும் தண்ணீர் ஊற்றட்டும். அரை மணி நேர வேலை, முடித்தால் விளையாட்டு. இந்த ஒழுங்குதான் பிள்ளைக்கு வேண்டும். பையன் திடலுக்கு ஓட, பொண்ணு மட்டும் அடுப்படியில் நிற்பதும் நியாயமன்று. விளையாட்டு அவளுக்கும் உண்டு.

விளையாட்டை வீண் என்று எண்ணாதீர்கள். கபடியில் தோற்றவன் மறுநாள் மீண்டும் வருகிறான். காற்பந்தில் தனியாக ஓடுபவன் பந்தைத் தம்பிக்குத் தள்ளக் கற்கிறான். சங்கத்தில் நாம் பேசும் ஒற்றுமையைப் பிள்ளை முதலில் திடலில்தான் கற்கிறது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று 1989-ல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. மலேசியா அதில் 1995-ல் சேர்ந்தது. ஆனால், திடலுக்குப் போகாமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்காருவதை நாம் விளையாட்டில் சேர்க்கவில்லை. அப்பா கைப்பேசியும் கையுமாகச் சாய்ந்திருந்தால் பிள்ளை எதைக் கற்கும்?

புறப்படும்போது அந்தத் தாயாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னோம். சற்று யோசித்தவர், “சரிண்ணே, இவன் போகலேன்னா பழம் மிஞ்சுமே, சம்பளத்துல பிடிப்பாங்களே?” என்றார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அந்தப் பத்து வயதுப் பையனல்லன், நிர்வாகமும் சங்கமும்தான். தோழர்களே, உங்கள் தோட்டத்தில் ஓர் ஆளால் ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு பொறுக்க முடிகிறது என்று எழுதி வைத்து, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு அதை நாம் கொண்டு போகிறோம்.

சாக்கை நாம் சுமப்போம். பந்தைப் பிள்ளையிடம் கொடுப்போம்!