ஐந்து நாளில் ஆறாயிரம் பக்கம்

எந்தக் கம்பெனி பல்பு வாங்கினாலும் வீட்டு ஹோல்டரில் மாட்டிவிடலாம். ஹோல்டரின் அளவு யாருக்கும் தனிச்சொத்தில்லை. தரநிலை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான்.

கணினியில் நாம் அடித்துச் சேமிக்கும் கடிதத்துக்கும் அப்படி ஒரு பொது அளவு 2006-லேயே வந்துவிட்டது. ஓடிஎஃப் என்ற திறந்த ஆவண வடிவத்தை 26300 என்ற எண்ணில் ஐ.எஸ்.ஓ. ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஆவணங்கள் திறந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்திருந்தது. மைக்ரோசாஃப்டுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது அதுதான்.

அந்தப் பொது வடிவத்தை அவர்களும் ஏற்றிருக்கலாம். செய்யவில்லை. தங்கள் வேர்டும் எக்செலும் உள்ளே எப்படி எழுதுகின்றனவோ அதை அப்படியே ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் விவரித்து, எக்மா என்ற அமைப்பின் ஒப்புதலோடு, ஐ.எஸ்.ஓ.வின் விரைவு வழியில் நுழைத்தார்கள். ஓடிஎஃப் எழுநூறு பக்கம் சொச்சம்தான்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? 1900-ஆம் ஆண்டு லீப் ஆண்டு என்று இருந்தது! நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளின் தவறு அது. எக்செல் அதைக் காப்பியடித்தது. பிறகு அந்தத் தவறே உலகத் தரநிலையாகக் கேட்டு வந்தது. 'வேர்டு 95 செய்வதுபோல் இடைவெளி விடு' என்று இன்னொரு விதி. வேர்டு 95 எப்படி விடும் என்பது அதை எழுதிய கம்பெனிக்குத்தானே தெரியும்?

இதைவிட மோசம் ஓட்டு வாங்கிய விதம். ஸ்வீடனில் 2007 ஆகஸ்டில், கடைசி நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புதிய கம்பெனிகள் கட்டணம் கட்டிக் குழுவில் சேர்ந்து ஆதரித்து ஓட்டுப் போட்டன. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் வியாபாரக் கூட்டாளிகள். ஆதரித்தால் பிரதிபலன் உண்டு என்று மைக்ரோசாஃப்டின் ஊழியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியதும் வெளியே வந்தது. ஒரே கம்பெனி ஒன்றுக்கு மேல் ஓட்டுப் போட்டதாகச் சொல்லி அந்த ஓட்டெடுப்பே ரத்தானது. போர்ச்சுகலில் ஐபிஎம், சன் ஆட்களுக்கு இடமில்லை, அறையில் நாற்காலி போதவில்லை என்றார்களாம். நம் ஊர்க் கூட்டுறவு சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஐ.எஸ்.ஓ.விலும் பல நாடுகள் திடீரென்று முழு ஓட்டுரிமை கேட்டு வந்தன. அந்த ஓட்டு முடிந்த கையோடு காணாமல் போனதால், அதே துணைக்குழுவின் மற்ற வேலைகள் போதிய ஓட்டு விழாமல் தேங்கின.

இத்தனைக்குப் பிறகும் 2007 செப்டம்பரில் தோற்றது. முழு உறுப்பு நாடுகளில் 32-க்கு 17தான் ஆதரவு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அடுத்த பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்து நாள் கூட்டம். எக்மா முன்வைத்த திருத்தங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பெரும்பகுதியை விவாதிக்காமலே மொத்தமாக ஓட்டுக்கு விட்டார்கள். மார்ச் மாதம் 32-க்கு 24 ஆதரவு. நார்வேயில் நிபுணர் குழுவில் பெரும்பாலோர் எதிர்த்தும் அமைப்பு ஆதரித்து ஓட்டளித்தது. பின்னர் 23 பேரில் 13 பேர் ராஜினாமா செய்தார்கள்.

நம் இந்தியத் தர அமைவனம் இரண்டு முறையும் 'இல்லை' என்றது. தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது. தள்ளுபடியானது. இந்த ஒரு விஷயத்தில் நம் அதிகாரிகளுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

எதிர்த்தவர்கள் மட்டும் சந்நியாசிகளா என்று கேட்கலாம். இல்லை. ஐபிஎம்முக்கும் சன்னுக்கும் சொந்த லாபக் கணக்கு இருந்தது. உலகில் கோடிக்கணக்கான பழைய வேர்டு கோப்புகள் இருக்கின்றன, அவற்றின் அமைப்பு எங்காவது எழுதி வைக்கப்பட வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. பிரிட்டிஷ் நூலகமே எக்மா குழுவில் இருந்தது. எழுதி வெளியிட்டிருக்கலாமே! அதற்கு உலக முத்திரை எதற்கு? அரசு டெண்டரில் காட்டத்தான்.

விமர்சனத்துக்குப் பிறகு அந்தத் தரநிலையை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய குப்பைகளைக் கழித்த 'கண்டிப்பான' வடிவம் ஒன்று, அவற்றைத் தாங்கிய 'இடைக்கால' வடிவம் ஒன்று. இன்று நீங்கள் வேர்டில் சேமி என்று அழுத்தினால் விழுவது இடைக்கால வடிவம்தான். 2008-ல் தொடங்கிய இடைக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை.

ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் குறியீடு வைத்த காலத்துத் தமிழ்க் கோப்புகளை இன்று திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. அந்தக் கதை நமக்குத் தெரியும். நாளை நம் பத்திரமும் தீர்ப்பு நகலும் யார் தயவில் திறக்க வேண்டும்?

2010-ல் மத்திய அரசே மின்னாளுகைக்குத் திறந்த தரநிலைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆகவே எந்த அலுவலகமாவது 'வேர்டு ஃபைலாக மட்டும் அனுப்புங்கள்' என்றால், ஓடிஎஃப் ஏன் ஏற்கப்படாது என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.