முள் தைத்த இடத்தில் மூளும் போர்

கெளிற்று மீனின் முள் கையிலே தைத்தால் என்ன நிகழும் என்பதைப் பெரியநீலாவணைக் கடற்றொழிலாளர் நன்கு அறிவர். முள்ளின் நஞ்சு தரும் கடுப்பு ஒருபுறமிருக்க, காயத்திலே கிருமி புகுந்துவிடின் அவ்விடம் சிவக்கும், சுடும், வீங்கும், சில நாளிற் சீழும் கட்டும். இவற்றை நோய் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், இவை நோயை எதிர்த்து உடல் தொடுக்கும் போரின் அடையாளங்களாகும்.

இப்போரின் வீரர் நமது குருதியிலுள்ள வெண்குழியங்கள். ஒரு கன மில்லிமீற்றர் குருதியிலே செங்குழியங்கள் ஏறத்தாழ 50 இலட்சம் இருக்க, வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000 வரையே உள. தொகையிற் சிறிதாயினும் ஆற்றலிற் பெரிய படை இது.

இவற்றின் தொழிலை உலகுக்கு உணர்த்தியவர் உருசிய அறிஞர் இலியா மெச்னிக்கோவ். 1882ஆம் ஆண்டில், இத்தாலியின் மெசீனா நகரிலே, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குடம்பிகளின் உடலில் ரோசா முட்களைச் செருகினார். மறுநாட் காலை நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, அசையும் குழியங்கள் பல அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. புகுந்த பகையை வளைத்து உண்ணும் குழியங்கள் உடலில் உண்டு என்ற அவரது கொள்கை இதனால் வலுப்பெற்றது. 1908இல் போல் ஏர்லிக்குடன் நோபெல் பரிசையும் பெற்றார்.

விழுங்குதல் எவ்வாறு நடைபெறுகிறது? காயத்திலிருந்து பரவும் இரசாயனப் பொருள்கள் தின்குழியங்களுக்கு வழிகாட்டுகின்றன. அவை குருதிக் குழாயின் சுவரில் ஒட்டி, இடுக்கு வழியே நெளிந்து வெளிவருகின்றன. குருதியிலுள்ள சில புரதங்கள் கிருமியின்மேற் படிந்து, அதனைப் பற்றுவதற்கு எளிதாக்குகின்றன. தின்குழியம் போலிக்கால்களை நீட்டிக் கிருமியை அணைத்து, ஒரு சிறு பைக்குள் அடைத்துவிடுகிறது. அப்பைக்குள் நொதியங்களும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர, கிருமி மாய்கிறது. போரில் மடிந்த வெண்குழியங்களே சீழின் பெரும்பகுதி.

எல்லாக் கிருமிகளும் இவ்வாறு அழிவதில்லை. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் தம்மை விழுங்கிய குழியத்தினுள்ளேயே வாழ்ந்து பெருக வல்லவை. முன்னர், தொழுநோயாளரை மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலே ஊரைவிட்டுப் பிரித்து வைத்தனர். இன்று அதற்கு இடமில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த பன்மருந்துச் சிகிச்சை அந்நோயை முற்றாகக் குணப்படுத்துகிறது. அரசாங்க மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

ஆகவே, தோலில் வெளிறிய அல்லது செந்நிறமான படை தோன்றி, அதிலே தொடுவுணர்ச்சி குன்றியிருப்பின், தேமல் என்று வாளாவிருத்தல் தகாது. ஊரார் பேச்சுக்கு அஞ்சி மறைத்தலும் தகாது. காலந்தாழ்த்தினால் நரம்புகள் கெட்டுக் கைகால்கள் ஊனமுறக்கூடும். நம் படை தனித்து வெல்ல இயலாத பகைவன் இவன். மருந்தென்னும் துணைப்படையைக் காலத்தே அழைத்தல் நமது கடமை.