போத்தலுக்குள் இயற்கை இல்லை

கொள்ளுப்பிட்டியில் இப்போது மண் என்பது காசு கொடுத்து வாங்கும் பண்டம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஒரு காலத்தில் முற்றமும் பின்வளவும் கொண்ட வீடுகள் நின்ற இடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. முற்றம் பல்கனியாகச் சுருங்கிற்று. ஆனாலும் நம்மவர்கள் விட்டுவிடவில்லை. ஏழாம் மாடியிலும் ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, ஒரு செவ்வரத்தை, இரண்டு மிளகாய்க் கன்றுகள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். கடல் கடந்து போனவர்களும் கறிவேப்பிலைக் கன்றைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைத்து, வெயில் விழும் சாளரத்தைத் தேடி அலைகிறார்கள். இந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான் குறை சொல்ல வந்தது வேறொன்றை. செடியை வளர்க்க நமக்கு ஆசை இருக்கிறது; செடியை அறிய ஆசை இல்லை. இலையின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே ஒரு போத்தலைத் தேடுகிறோம். ஒரு சாரார் நஞ்சுப் போத்தலைத் தேடுகிறார்கள். மறு சாரார் 'இயற்கை' என்று பெயர் ஒட்டிய போத்தலைத் தேடுகிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் இருவருக்கும் உள்ள நோய் ஒன்றுதான். அந்தப் புள்ளி என்ன, அது எங்கிருந்து வந்தது, அதைத் தின்பது எது என்ற மூன்று கேள்விகளை இருவருமே கேட்பதில்லை.

இலங்கையில் இன்று இயற்கை முறை என்று வாயெடுத்தாலே, "அதுதானே நாட்டைக் கவிழ்த்தது" என்ற பதில் வருகிறது. இந்தப் பதிலை இப்படியே விட்டுவிடக் கூடாது. 2021 மே மாதத்தில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம் இரசாயன உரங்களினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் தடை செய்தது. மாற்றுப் பசளை கையிருப்பில் இல்லை. விவசாயிக்குப் பயிற்சி இல்லை. படிப்படியான திட்டம் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் எர்வீனியா என்ற நுண்ணுயிர் இருப்பதாக நமது அதிகாரிகள் சொல்லி அதனை நிராகரித்தனர். வழக்கும் இழுபறியும் நடந்த பின்னர், நாட்டுக்குள் இறங்காத அந்தப் பசளைக்காக 2022 ஜனவரியில் மக்கள் வங்கி ஏறத்தாழ 69 இலட்சம் டொலரைச் செலுத்தியது. தடையோ 2021 நவம்பரிலேயே கைவிடப்பட்டுவிட்டது.

இதில் இயற்கை எங்கே இருந்தது? இருந்தது ஒரு கட்டளை மட்டுமே. நஞ்சை நிறுத்து என்று சொல்வது ஒரு முறை ஆகாது. நஞ்சு செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்று சொல்வதே முறை. அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் ஆணையிட்டவர்களின் தவற்றை இயற்கையின் கணக்கில் எழுதுவது அநியாயம். அதைவிட அநியாயம், இதே நாடு அதே வேலையை ஒரு காலத்தில் ஒழுங்காகச் செய்து வென்றதை நாம் மறந்துவிட்டமை.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நினைவூட்டுகிறேன். மேல் மாகாணத்து வீட்டுத் தோட்டங்களில் பப்பாசி மரங்கள் வெள்ளை மா தூவியது போலாகிப் பட்டுப்போயின. சிங்களவர் அரலியா என்றழைக்கும் மரத்தின் இலைகள் சுருண்டு கறுத்து உதிர்ந்தன. மரவள்ளியும் செவ்வரத்தையும் தப்பவில்லை. வந்தது பப்பாசி மாவுப்பூச்சி. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, கரீபியன் தீவுகளையும் பசிபிக் தீவுகளையும் கடந்து, அந்த ஆண்டு இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சொந்த ஊரில் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகள் அதனோடு கூட வரவில்லை. அதுதான் கொள்ளைநோய் போல அது பரவியதன் இரகசியம்.

மக்கள் மருந்தடித்தார்கள். பூச்சி சாகவில்லை. அதன் உடலையும் முட்டைப் பையையும் மூடியிருக்கும் மெழுகுப் படலத்தில் மருந்து வழிந்தோடிவிடும். செத்தவை அங்கு திரிந்த பொறிவண்டுகளும் சிலந்திகளும்தான். அதாவது காவற்காரனைச் சுட்டுவிட்டுக் கள்வனைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இலங்கை விவசாயத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். பூச்சியை இனங்கண்டார்கள். அதன் இயற்கை எதிரி எது என்று தேடினார்கள். அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உதவியோடு 2009இல் வரவழைத்து, பெருக்கி, விடுவித்தார்கள். அந்தக் குளவி ஒரு மில்லிமீற்றர் நீளத்தைக்கூட எட்டாதது. மனிதரைக் கொட்டாது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கோதை விட்டுவிட்டு, ஒரு துளையிட்டு வெளியே பறந்துவிடும். பிறகு அடுத்த பூச்சி. பூச்சி குறையக் குறையக் குளவியும் குறையும். இரண்டும் ஒரு சமநிலைக்கு வரும். தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. அங்கு மரவள்ளியும் மல்பெரியும் அழிந்துகொண்டிருந்தபோது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் இந்தியாவுக்கு வந்தன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. பூச்சி அடங்கியது.

2021இன் தோல்வி நம் எல்லோருக்கும் மனப்பாடம். 2009இன் வெற்றி எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அரை நூற்றாண்டை அண்மிக்கும் காலமாகச் செய்தித்தாள்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. எரியும் வீடு தலைப்புச் செய்தி ஆகும்; எரியாமல் காத்த வீடு செய்தி ஆகாது.

சரி, பல்கனிக்கு வருவோம். மாவுப்பூச்சி, அழுக்கணவன், வெண் ஈ ஆகியவற்றைக் கண்டால் முதலில் எறும்பைப் பாருங்கள். இப்பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றை மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன. செடிக்குச் செடி சுமந்து செல்கின்றன. இரையாக்க வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. சட்டியில் எறும்பு ஏறும் பாதையை அடைக்காமல் எந்த மருந்து அடித்தும் பயனில்லை. பாதையை அடைத்தபின், பாதிக்கப்பட்ட தண்டை வெட்டுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் வேகமாகக் கழுவுங்கள். மிஞ்சியதை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். நான்கு ஐந்து நாட்களுக்கு ஒரு தடவை, மூன்று வாரங்கள் இதைச் செய்தால் பெரும்பாலான சட்டிச் செடிகள் பிழைத்துவிடும். இதற்கு வேண்டியது கண்ணும் பொறுமையும்.

இனி 'இயற்கை'ப் போத்தல்காரர்களுக்கு. வேம்பு நமது மரம் என்று மார்தட்டுகிறோம். வேப்பெண்ணெய் கொண்டு பங்கசைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் ஒரு பன்னாட்டு நிறுவனமும் பெற்றிருந்த காப்புரிமையை ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் 2000இல் இரத்துச் செய்தது. 2005இல் மேன்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. நாம் கொண்டாடினோம். ஆனால் வேம்பு எப்படி வேலை செய்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியை அடித்த மாத்திரத்தில் கொல்லாது. பூச்சி தின்பதைக் குறைக்கும். தோலுரித்து வளர்வதைக் குழப்பும். பலன் தெரிய நாட்கள் செல்லும். வெயிலில் அது விரைவாகச் சிதைந்துவிடும். ஆகவே மாலையில்தான் தெளிக்க வேண்டும். நடுப்பகலில் தெளித்துவிட்டு மறுநாள் காலையில் பூச்சி உயிரோடு இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர், நஞ்சுக்குப் பழகிய கண்ணால் வேம்பைப் பார்க்கிறார்.

இயற்கையானதெல்லாம் தீங்கற்றது என்பது இன்னொரு மூடநம்பிக்கை. புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கச் சொல்லும் ஆலோசனை ஊரெங்கும் உலவுகிறது. அதிலுள்ள நிக்கோட்டின் மனிதருக்கும் கொடிய நஞ்சு. தோலினூடாகவும் உடலுக்குள் செல்லும். போதாக்குறைக்கு, மிளகாயையும் தக்காளியையும் தாக்கும் தேமல் வைரசு புகையிலை வழியாகச் செடிக்குத் தொற்றலாம். சலவைத்தூளைக் கரைத்து அடிப்பவர்கள் இலையைக் கருக்கிவிட்டுப் பூச்சியின் மீது பழி போடுகிறார்கள். சாதாரண சவர்க்காரக் கரைசலைக்கூட ஓர் இலையில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே செடி முழுவதற்கும் தெளிக்க வேண்டும்.

பூச்சியே இல்லாத இடத்திலும் பூச்சியைத் தேடுவோர் உண்டு. கடற்கரை வீதியை நோக்கிய பல்கனிகளில் இலை நுனி கருகுவதற்கு உப்புக் காற்றே பெரும்பாலும் காரணம். நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினால் அது குறையும். அடி இலை மஞ்சளானால் நீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறுகிறதா என்று பாருங்கள். செழிக்கட்டும் என்று நைதரசன் உரத்தை அள்ளிப் போட்டால், மெல்லிய, சாறு மிகுந்த தளிர்கள் வரும். சாறுண்ணிப் பூச்சிகளுக்கு அதைவிட விருந்து வேறில்லை.

கொழும்புவாசிக்கு மேலும் ஒரு கடமை உண்டு. சட்டிக்கடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர் டெங்கு நுளம்பின் தொட்டில். 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் மாண்டனர். நுளம்பு பெருக இடம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2007இலிருந்தே இருக்கிறது. தட்டு நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அந்த நுளம்பின் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிர் தரிக்கும்; மறுபடி நீர் பட்டால் பொரிக்கும். வாரம் ஒரு தடவை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செடியை இயற்கையாக வளர்க்கிறேன் என்று பெருமை பேசி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சலைக் கொடுப்பவர் இயற்கையின் நண்பர் அல்லர்.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். ஒன்ராறியோ மாகாணம் 2009 ஏப்ரலிலிருந்து, வீட்டுப் புற்றரையிலும் பூந்தோட்டத்திலும் அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பதைத் தடை செய்தது. அது ஓர் இரவில் வந்த ஆணை அன்று. 1991இல் கியூபெக்கின் ஹட்சன் என்ற சிற்றூர் முதலடி வைத்தது. நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. பின்னர் நகரங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. விவசாயத்துக்கு விலக்கு இருந்தது. கடைகளுக்கும் மக்களுக்கும் பழகிக்கொள்ள அவகாசம் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அவர்கள் சென்ற தூரத்தை நாம் ஒரு வர்த்தமானியால் தாண்ட முயன்று முகங்குப்புற விழுந்தோம்.

ஸ்காபரோவில் மகன் புற்றரைக்கு அடிக்க முடியாத நஞ்சைக் கொழும்பில் தாய் கறிவேப்பிலைக்கு அடிக்கிறார். மறுநாள் அதே இலையைத் தாளிக்கக் கிள்ளுகிறார். தொடர்மாடி நிருவாகங்கள் பூச்சி இருக்கிறதோ இல்லையோ மாதம் தவறாமல் ஆளை அழைத்து மருந்தடிக்கின்றன. கணக்கில் அது 'பராமரிப்பு'. இவற்றைக் கேள்வி கேட்க அரசாங்கம் மாற வேண்டியதில்லை. குடியிருப்பாளர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "எந்தப் பூச்சிக்கு, எந்த மருந்து, ஏன்?" என்று கேட்டாலே போதும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். நாள் கிடைத்தது, அறிவு கிடைத்ததா? நெல் விவசாயிக்கு வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் கட்டமைப்பு இந்நாட்டில் இருக்கிறது. பல்கனியில் மிளகாய் நடுபவருக்கும் அந்த ஆலோசனை, அவரது மொழியில், அவரது மாடிப்படிவரை வர வேண்டும். பாடசாலைப் பிள்ளைக்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியைக் கொடுத்து இலையைத் திருப்பிப் பார்க்கக் கற்பிப்பதற்கு டொலர் தேவையில்லை.

தடையும் மருந்தும் கடையில் கிடைக்கும், வர்த்தமானியில் கிடைக்கும். அறிவை மட்டும் நாமே வளர்த்தெடுக்க வேண்டும். இலையைத் திருப்பிப் பாராமல் போத்தலைத் திறப்பவருக்கு, உள்ளே இருப்பது நஞ்சானால் என்ன, வேம்பானால் என்ன?