காலத்தின் மேல் பழி போடும் சித்திரங்கள்

முறிந்த தூணும் சரிந்த மண்டபமும் இயற்கைக் காட்சிச் சித்திரத்துக்குத் தனியொரு சௌந்தரியத்தை அளிக்கின்றன என்பதை ரசிகர் எவரும் மறுக்கமாட்டார். ஆயினும் அச்சௌந்தரியத்தில் மனம் லயித்திருக்கையில், இடித்தவர் யார் என்ற கேள்வி நழுவிப்போய், பழியெல்லாம் காலத்தின் தலையில் விழுந்துவிடுகிறது என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும்.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் புதல்வர் வில்லியமும் 1792இல் வரைந்த மதுரை அரண்மனைச் சித்திரத்தைக் காண்பவர், வெயிலும் மழையுமே அதனைச் சிதைத்தன என்று எண்ணக்கூடும். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதன், தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பாட்டன் கட்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டு போனான் என்ற சரித்திரம் அச்சித்திரத்தில் இல்லை.

வில்லியத்தின் தம்பி சாமுவேல் நம் தீவிலேயே வாழ்ந்து, திருகோணமலைத் துறைமுகத்தை ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து நோக்கி வரைந்த காட்சியை 1808இல் வெளியிட்டார். துறைமுக வாயிலைக் காக்கப் பீரங்கிகள் நிறுத்திய அவ்விடத்திலிருந்து நோக்குபவரின் கவனத்தைக் கவர்வது, கப்பற்படைக்கு உகந்த குடாவின் எழிலேயன்றி, 1622இல் போர்த்துக்கேயர் தகர்த்த கோணேசர் கோயிலின் அழிவன்று. அக்கோயிலோ சித்திரகாரர் விரும்பும் இடிபாடாகக்கூட விட்டுவைக்கப்படவில்லை. அதன் கற்களைக்கொண்டே, இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் கோட்டை எழுந்தது. அக்கோட்டையின் வாயிற் கல்லில், கற்களின் பூர்வீகத்துக்குச் சாட்சியாக, பாண்டியரின் இணைக்கயல் இன்றும் காணப்படுகிறது. பிரெஞ்சுச் சித்திரகாரர் ஹூபர்ட் ரொபர்ட், குறையின்றி நின்ற லூவர் மாளிகையின் கூடத்தை இடிந்ததாகக் கற்பித்து 1796இல் வரைந்தார். நமக்கோ கற்பனையே வேண்டாம், குறையின்றி நிற்கும் இக்கோட்டை மதிலே ஓர் இடிபாடு.

கப்பல்துறைக்கு அணித்தே, சீனக்குடாக் காட்டினுள், ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்க் குதங்கள் கொடி படர்ந்து நிற்கின்றன. அவற்றுட் பலவற்றின் துருவுக்குக் காலமும் கவனிப்பாரற்ற நிலையும் காரணம்; ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த குதத்தின் நெளிந்த இரும்புத் தகடுகளுக்கு யுத்தமே காரணம். ஒரே பச்சையும் ஒரே செம்பழுப்பும் பூசி இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது தூரிகைக்கு மிகச் சுலபம்.

சித்திரகாரன் சரித்திராசிரியன் அல்லனே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மெய்தான், ஆயினும் எங்கே நின்று பார்ப்பது, எதனை அருகில் வைப்பது, எதனைத் தூரத்து மங்கலில் மறைப்பது என்பவற்றை நிச்சயிப்பவன் அவனேயாதலின், அத்தேர்வுக்குரிய பொறுப்பிலிருந்து அவன் தப்ப முடியாது.

ஆதலால், கோணமலையின் புதுக் கோபுரத்தையும் மாலைக் கடலையும் வரைந்து பழகும் நம் மாணவர்களைச் சித்திர ஆசிரியர்கள் கோட்டை வாயிலுக்கும் அழைத்துச் செல்லவேண்டும். மதிலின் நிழலை வரையுமுன், அதன் கல் எவ்விடத்துக் கல் என்று கேட்கப் பழக்கவேண்டும்.